முள்ளும் ஈயமும்

கந்தளாய்க் குளத்தின் அணைக்கட்டிலே மாலை வேளையில் நடந்து செல்வோர் ஒரு காட்சியைத் தவறாது காண்பர். கற்படையின் மீது சிறுவர் இருவர் மூவர் குந்தியிருப்பர். கையிலே மூங்கிற் கழி. கழியின் நுனியிலே நூல். நூலின் நடுவே இறகுத் தண்டினாலான மிதப்பு. மண்புழுவைக் கோத்து வீசிவிட்டு, மிதப்பையே பார்த்தபடி ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பர். மிதப்பு அமிழ்ந்ததும் கழி மேலே எழும். அதன் முனையில் ஒரு திலாப்பியா துடிக்கும். 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பெற்ற அந்த அந்நிய மீன், இன்று எமது குளங்களுக்கு உரிமை மீனாகவே ஆகிவிட்டது.

இக்குளத்தைக் குளக்கோட்டன் கட்டுவித்தான் என்பது எமது மரபு. அக்கிரபோதி மன்னன் கட்டுவித்தான் என்பது சிங்கள மரபு. யார் கட்டியதாயினும், 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் அணை உடைந்து உயிர்களையும் உடைமைகளையும் கொண்டுபோனதை இவ்வூரார் மறந்திலர். மீளக் கட்டப்பெற்ற அந்த அணையின் மேல் இருந்துதான் நாமும் இளமையிலே தூண்டில் பிடிக்கக் கற்றோம். ஆகவே தூண்டிலைப் பற்றி எமக்கு எல்லாம் தெரியும் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் எவ்வாறு உடைந்தது என்பதை முதலிலே கூறிவிடுதல் நன்று.

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மண்ணெண்ணெய் கிடையாமையால் படகுகள் கரையிலே கிடந்தன. பாடசாலைகளும் சில வாரங்கள் மூடப்பட்டிருந்தன. எம்மிடம் பௌதிகம் படித்த மாணவன் ஒருவன் கொட்டியாரக் குடாக் கரையைச் சேர்ந்தவன். தந்தை கடற்றொழிலாளர். படகு ஓடாத வீட்டிலே அடுப்பு எரிவது எவ்வாறு? அவன் ஒரு தூண்டிற் கோலை இரவலாகப் பெற்று, நாள்தோறும் கிண்ணியாப் பாலத்தடிக்குச் சென்று மீன்பிடிக்கத் தொடங்கினான். கிடைத்ததில் ஒரு பங்கு கறிக்கு, மீதி அரிசிக்கு.

செய்தி அறிந்த நாம் அவனுக்கு உதவ விரும்பினோம். கடைக்குச் சென்று, கண்ணைக் கவரும் நிறங்களிலே தொங்கிய மென்பிளாஸ்டிக் பொய்யிரைகள் ஒரு பொதியும், பொன்முலாம் பூசிய மெல்லிய முட்கள் ஒரு பெட்டியும், பட்டாணிக் கடலை அளவிலான ஈயக் குண்டுகள் சிலவும் வாங்கிக் கொடுத்தோம். முட்கள் 6ஆம் இலக்கம். குளத்திலே எமக்கு மிகவும் பிடித்த இலக்கம் அது.

இரண்டாம் நாள் மாலை நாமும் அவனுடன் சென்றிருந்தோம். நீர் வற்றத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் வீசிய இரையை ஒரு பாரை பற்றியது. கோல் வில்லாக வளைந்தது. நூல் இழுபட்டு ஓடிற்று. நிச்சயமாக ஐந்தாறு இறாத்தல் நிறையுள்ள மீன். பையனின் முகத்திலே தோன்றிய மகிழ்ச்சியை நாம் பார்த்தோம். அடுத்த கணத்திலே கோல் நிமிர்ந்தது. நூலைச் சுருட்டி எடுத்துப் பார்த்தபோது, முள் அறவே வளைவு நீங்கி, தையலூசியைப் போல் நேராக இருந்தது.

அருகிலே நின்ற முதியவர் ஒருவர் அதை வாங்கி விரலிடையே உருட்டிப் பார்த்தார்.

“இது குளத்து முள், சேர். கடல் மீனுக்கு இது ஏலாது. ஆர் இதை இவனுக்கு வாங்கிக் கொடுத்தது?”

“நாம்தான், காக்கா” என்றோம். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எமது கொடையினாலேயே அவ்வீட்டின் ஒரு நாட் சோறு கடலுக்குப் போயிற்று. அன்று தொடங்கியதுதான் முள்ளையும் ஈயத்தையும் பற்றிய எமது இரண்டாம் படிப்பு.

பொய்யிரையின் உயிர்

மண்புழுவுக்கும் இறாலுக்கும் மணம் உண்டு, துடிப்பு உண்டு. அவற்றைக் கோத்த முள் சிறிது பிழையாக இருந்தாலும் மீன் தேடிவந்து விழுங்கும். மென்பிளாஸ்டிக்கோ உயிரற்ற பண்டம். எண்ணெய் போன்ற ஒரு திரவத்தைச் சேர்த்து மென்மையாக்கப்பெற்ற பிளாஸ்டிக்கை அச்சிலே வார்த்து, புழுவாகவும் இறாலாகவும் சிறு மீனாகவும் ஆக்குகிறார்கள். அமெரிக்காவில், இறப்பர்த் தொழிலுக்குப் பெயர்போன அக்றன் நகரத்திலே, நிக் கிறீம் என்பவரும் அவர் மனைவியாரும் 1949ஆம் ஆண்டளவில் மண்புழு வடிவில் இவ்வகை இரையை வார்த்தெடுத்தனர். அதிலிருந்து இது உலகெங்கும் பரவிற்று.

இவ்விரை தானாக நீந்தாது. அதனை எவ்வளவு வேகமாக அமிழச் செய்வது, எந்த ஆழத்திலே நிறுத்துவது, தலை கீழாகவா கிடையாகவா செல்வது, வால் ஆடுவதா ஆடாதிருப்பதா என்பனவற்றையெல்லாம் அதனுள்ளே செருகிய முள்ளும் அதன் முன்னே அமைந்த ஈயமுமே தீர்மானிக்கின்றன. நிறத்தைத் தெரிவதிலே அரை மணி நேரம் செலவிட்டு, முள்ளையும் ஈயத்தையும் கடைக்காரர் கொடுத்தபடியே வாங்கி வருவோர் பலர். நாமும் அவருள் ஒருவராகவே இருந்தோம்.

திருவள்ளுவர் சூதின் தீமையைக் கூறும் அதிகாரத்தை, இரையிலே மறைந்த தூண்டிலை மீன் விழுங்கும் உவமையோடு தொடங்குகிறார். அங்கே அவர் பொன் என்று குறித்தது இரும்பையே என்பது பரிமேலழகர் உரை. இரும்புக்குப் பொன் என்று பெயரிட்டது எவ்வளவு பொருத்தம்! மீனுக்கு அது பொன்னாகவே தோன்ற வேண்டும். ஆனால் தூண்டிற்காரனுக்கோ அது நல்ல இரும்பாக இருக்க வேண்டும். பொன்முலாம் கண்டு மயங்கிய நாம் இவ்விடத்திலே மீனின் கட்சியில் நின்றுவிட்டோம்.

ஈயத்தின் கணக்கு

முதலில் நிறையைக் கவனிப்போம். நீரிலே அமிழ்ந்த பொருள் தான் விலக்கிய நீரின் நிறை அளவுக்குத் தன் நிறையை இழக்கும் என்ற ஆக்கிமிடீசின் விதியை மாணவர் அறிவர். ஈயத்தின் அடர்த்தி நீரைப் போல் 11.34 மடங்கு. ஆகவே 10 கிராம் ஈயம் கடல் நீரிலே ஏறக்குறைய 9.1 கிராமாகத் தொழிற்படும். இரும்பாயின் 8.7 கிராம். கருங்கல்லாயின் 6.1 கிராம் மட்டுமே. ஈயத்தின் வேலையைக் கல்லைக் கொண்டு செய்விக்க வேண்டுமாயின், பருமனிலே ஆறு மடங்குக்கு மேற்பட்ட கல் வேண்டும். வலைக்குக் கல் கட்டிய முன்னோர் தூண்டிலுக்கு ஈயத்தை நாடியது இதனாலேயே. டங்ஸ்டன் என்னும் உலோகம் ஈயத்திலும் அடர்ந்தது. ஆயினும் அதன் விலையைக் கேட்டால் நாம் மீனைக் கடையிலேயே வாங்கிவிடலாம்.

இனி, அமிழும் வேகம். எமது வீட்டுக் கிணற்றிலே 4 மீற்றர் நீர் நின்ற காலத்தில் இதனைச் சோதித்துப் பார்த்தோம். 75 மில்லிமீற்றர் நீளமுள்ள ஒரே பொய்யிரையை 3.5 கிராம், 7 கிராம், 14 கிராம் ஈயத் தலைகளிலே மாறி மாறிப் பொருத்தி இறக்கினோம். முதலாவது அடியைத் தொட 11 விநாடி சென்றது. இரண்டாவதற்கு 8 விநாடி. மூன்றாவதற்கு ஐந்தரை விநாடி. ஈயத்தை இரு மடங்காக்கினால் வேகம் இரு மடங்காகவில்லை. நான்கு மடங்காக்கிய பின்னரே ஆயிற்று. நீரின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதே காரணம். (கிணற்றடியிலே விநாடி எண்ணிக்கொண்டு நின்ற எம்மை அயல்வீட்டார் பார்த்த பார்வையைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.)

இதனால் பெறப்படுவது யாது? சிறிது கனம் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது தவறு. கூட்டுவதாயின் அரை அவுன்ஸ், முக்கால் அவுன்ஸ் எனத் துணிந்து கூட்ட வேண்டும். ஆனால் கனம் கூடக் கூட இரை கல் விழுவதுபோல் விழும். அடிபட்ட சிறு மீன் தள்ளாடி அமிழ்வதுபோல் தோன்றாது. மீன்கள் பெரும்பாலும் இரை அமிழும்போதே பற்றுகின்றன என்பதை அனுபவசாலிகள் யாவரும் கூறுவர். ஆகவே, அடியைத் தொட்டது கையிலே தெரியும் அளவுக்கு மட்டும் கனமாகவும், அதற்கு மேல் இயன்ற அளவு இலேசாகவும் இருப்பதே உகந்த ஈயம்.

தொட்டதை அறிவது எப்படி? இரை அமிழும்போது நூல் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும். அடியைத் தொட்டதும் துவண்டு விடும். வீசிய கணத்திலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும். துவளாமலே இருபது, இருபத்தைந்து என்று எண்ணிக்கை போகுமாயின் நீரோட்டம் இரையைத் தூக்கிச் செல்கிறது என்று அறிந்து ஈயத்தை மாற்ற வேண்டும். மூன்று எண்ணுமுன் துவளுமாயின் ஈயம் மிகை.

நூலின் தடிப்பையும் இங்கே மறக்கலாகாது. தங்கூசி தடித்தால் நீரோட்டம் அதனைப் பிடித்து இழுக்கும். காற்றும் வில்லாக வளைக்கும். ஒரே ஈயம் மெல்லிய நூலிலே அடியைத் தொடும். தடித்த நூலிலே தொடாது. நூலைத் தடிப்பாக்கிவிட்டு ஈயத்தை நொந்து பயனில்லை.

எமது மாவட்டத்திலே ஒரு நாளில் மூன்று வகை நீரிலே மீன் பிடிக்கலாம். கந்தளாயிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீற்றர் சென்றால் திருகோணமலை. நிலாவெளிப் பக்கத்து மணற்கரையிலும் களப்போரத்திலும் இடுப்பளவு, ஆளளவு நீரே உண்டு. அங்கே 3.5 முதல் 7 கிராம் வரை போதும். 2009ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற, 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்தின் கீழோ கதை வேறு. இந்நாட்டிலே கடல்மட்டம் ஏறி இறங்கும் அளவு ஒரு மீற்றருக்கும் குறைவுதான். ஆயினும் தம்பலகாமக் களப்பின் பரந்த நீர் அந்த ஒடுங்கிய வாயினூடாகவே போய்வர வேண்டியிருப்பதால் வற்றமும் பெருக்கும் அங்கே ஆறுபோல் ஓடும். 14 கிராம், சிலவேளை 21 கிராம் இல்லாமல் இரை அடியை எட்டாது. துறைமுகத்தின் பாறைக் கரைகளோவெனில் சில பாக தூரத்திலேயே ஆழ்ந்துவிடும். உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றெனப் பெயர்பெற்ற இடமல்லவா! அங்கே 28 கிராமும் இலேசாகத் தோன்றும்.

வாடைக் காலத்திலே இக்கணக்கு மறுபடியும் மாறும். மகாவலி கலங்கல் நீரைக் கொட்டியாரக் குடாவிலே கொண்டுவந்து சேர்க்கும், அலையும் எழும். மீனின் கண்ணுக்கு இரை மங்கலாகத் தெரியும் அந்நாட்களில் வேகமாகச் செல்லும் இரை பயன்படாது. அலைக்காகக் கனமும் வேண்டும், கண்ணுக்காக மந்தமும் வேண்டும். இதற்குக் கடற்றொழிலாளர் கண்ட வழி, ஈயத்தைக் கூட்டி இரையையும் பெரிதாக்குவது. பருத்த உடல் நீரிலே கூடுதல் தடையை ஏற்படுத்தி வீழ்ச்சியைத் தாமதப்படுத்தும். பௌதிகம் படியாத அவர்கள் எமது கிணற்றுச் சோதனையின் மறுபாதியைத் தாமே செய்து முடித்திருந்தார்கள்!

ஈயத் தலையின் வடிவத்தைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. உருண்டைத் தலை எங்கும் உதவும். அம்பு போன்று கூரியது நீரோட்டத்தை ஊடுருவும். அடி தட்டையானது மணலிலே முள்ளை மேல்நோக்கி நிறுத்திக்கொள்ளும். பாறையிடுக்கிலே எல்லாம் சிக்கும்.

முள்ளின் கணக்கு

ஜப்பானின் ஒக்கினாவாத் தீவிலே, சகிதாரி என்னும் குகையில், கடல் நத்தையின் ஓட்டைத் தேய்த்துச் செய்த தூண்டில்கள் கிடைத்தன. அவை ஏறக்குறைய 23,000 ஆண்டுப் பழமையுடையன என்று 2016ஆம் ஆண்டிலே ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். நோர்வே நாட்டில் 1832ஆம் ஆண்டு தோன்றிய முஸ்டாட் நிறுவனம், 1877ஆம் ஆண்டிலே பொறிகொண்டு தூண்டில் முள் செய்யத் தொடங்கிற்று. இவ்விரண்டு காலத்துக்கும் இடையே பொருள் மாறிற்று, வளைவு மாறவில்லை.

முள்ளுக்கு இடும் இலக்கம் புதியவரை மயக்கும். 1, 2, 4, 6, 8 என்று எண் ஏற ஏற முள் சிறுத்துக்கொண்டு போகும். 1/0, 2/0, 3/0 என்று சைபர் சேர்ந்த வரிசையிலோ எண் ஏற ஏற முள் பெருக்கும். போதாக்குறைக்கு, ஒரு நிறுவனத்தாரின் 2/0 மற்றொருவரின் 2/0 அன்று. ஆகவே இலக்கத்தை நம்பாது அளந்து பார்ப்பதே நன்று.

அளக்க வேண்டியது எதனை? முள்ளின் வாயை. அதாவது, கூரிய முனைக்கும் நேர்த்தண்டுக்கும் இடையே உள்ள வெளியை. பொய்யிரையின் உடலை முள்ளிலே கோத்தபின் அவ்வெளியிலே பாதியேனும் எஞ்சியிருக்க வேண்டும். உடல் அவ்வெளியை நிரப்பிவிட்டால் முனை மீனின் தாடையைத் தொடாது. மீன் பிளாஸ்டிக்கைக் கடித்துத் துப்பிவிட்டுப் போகும். நீளத்துக்கும் அளவுண்டு. முள்ளை இரையின் பக்கத்திலே வைத்துப் பார்த்தால், முனை இரையின் மூன்றிலொரு பங்குக்கும் பாதிக்கும் இடையே வெளிவர வேண்டும். அதற்கு மேல் சென்றால் வால் விறைத்து ஆடாது போகும்; குறைந்தால் வாலைப் பற்றும் மீன் தப்பும். 75 மில்லிமீற்றர் இரைக்கு 1/0 அல்லது 2/0, 100 மில்லிமீற்றருக்கு 3/0, 125க்கு 4/0 அல்லது 5/0 என்பது பொதுவான கணக்கு. கோக்கும்போது உடல் நேராக அமைய வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். சிறிது கோணினாலும் இரை பம்பரம்போற் சுழன்று நூலை முறுக்கிவிடும்.

அடுத்தது கம்பியின் தடிப்பு. எமது பிழை இங்கேதான் நேர்ந்தது. பாடசாலை திறந்த பின்னர், நாம் கொடுத்த பெட்டியிலே எஞ்சியிருந்த 6ஆம் இலக்க முள் ஒன்றை ஆய்வுகூடத்தில் ஆணியிலே மாட்டி, விற்றராசு கொண்டு இழுத்துப் பார்த்தோம். 3 கிலோகிராமை எட்டுமுன்பே அது வாயைப் பிளந்துவிட்டது. முதியவர் காட்டியபடி வாங்கிய தடித்த 2/0 முள்ளோ 8 கிலோகிராமிலும் அசையவில்லை, தங்கூசிதான் அறுந்தது. அப்படியானால் எப்போதும் தடித்த முள்ளே நல்லதா? அன்று. தடித்த கம்பியைத் தாடையிலே செலுத்தக் கூடுதல் விசை வேண்டும். மெல்லிய நூலும் துவளும் கோலும் உடையவர் தடித்த முள்ளைப் பூட்டினால் அது பாதி குத்தி நின்றுவிடும். கோல், நூல், முள் ஆகிய மூன்றும் ஒரே வலிமையுடைய குடும்பமாக அமைய வேண்டும். குளத்துக் கோலும் கடற்றங்கூசியும் சேர்ந்த குடும்பத்திலே சண்டை ஓயாது.

கூர்மையைச் சோதிக்கக் கருவி வேண்டா. முனையைப் பெருவிரல் நகத்தின்மேல் வைத்து மெல்ல இழுத்தால் வழுக்கக் கூடாது, பிடித்துக்கொள்ள வேண்டும். பாறையிலே ஒருமுறை தட்டிய முள் பெரும்பாலும் இச்சோதனையிலே தோற்கும். அரத்தால் இரண்டு இழுவை இழுத்தால் மறுபடியும் தேறும்.

வெண்கல நிறம் பூசிய சாதாரண முள் குளத்து நீருக்குப் போதும். கடலிலே ஓர் இரவிலே துருவேறும். வெள்ளீயம் பூசியது கடலுக்கு ஏற்றது. துருவேறாத எஃகு முள் என்று ஒன்றுண்டு. அதனை நாம் விரும்புவதில்லை. நூல் அறுந்து மீனின் வாயிலே தங்கிவிட்ட சாதாரண முள் காலப்போக்கில் உக்கி விழக்கூடும். மற்றதோ நெடுங்காலம் உக்காது அங்கேயே கிடக்கும்.

சீலாவும் அறுக்குளாவும் உள்ள இடத்திலே முள் எதுவாயினும் அதன் முன்னே ஒரு சாண் மெல்லிய கம்பி வேண்டும். அவற்றின் பல்லுக்குத் தங்கூசி ஒரு பொருட்டன்று. கொடுவா பிடிப்போருக்குக் கம்பி வேண்டா. தடித்த தங்கூசி போதும். ஆனால் அதன் செவுள் மூடியின் விளிம்பு கத்திபோல் அறுக்கும், கையைக் காத்துக்கொள்க.

கந்தளாய்க் குளத்து விராலுக்கு வேறொரு முள் உண்டு. தாமரையும் அல்லியும் மண்டிய நீரிலே திறந்த முள் ஒவ்வொரு வீச்சிலும் கொடியையே பிடிக்கும். அதற்காகக் கழுத்திலே ஒரு நெளிவு உடைய முள்ளைச் செய்திருக்கிறார்கள். இரையின் தலை அந்நெளிவிலே தங்க, முனை உடலுக்குள்ளேயே மறைந்திருக்கும். விரால் கடிக்கும்போது மென்மையான உடல் நசுங்க, முனை வெளிப்படும். ஈயமே இல்லாமல், தவளை வடிவான இரையை இலைமேல் வீழ்த்தி மெல்ல இழுத்து வந்தால், இலைக்கடியிலிருந்து விரால் பாயும் சத்தம் அணைக்கட்டு வரை கேட்கும். யானைகள் நீருக்கு இறங்குமுன் கரையேறிவிட வேண்டும் என்பது மட்டுமே அங்கே நிபந்தனை.

அடுக்களையிலே ஒரு விபத்து

இனிக் கூறப்போவது தாய்மார்களுக்கும் உரியது.

கிண்ணியாப் பாலத்தடியிலே ஈயம் சிக்கி அறுவது நாள்தோறும் நிகழ்வது. துறைமுகத்தின் அடியிலும் பழைய இரும்புகள் பல கிடக்கும். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானியரின் குண்டுவீச்சுக்கு இலக்கான ‘சகாயிங்’ என்னும் கப்பலை 2018ஆம் ஆண்டிலேதான் கடற்படையினர் மேலே எழுப்பி அப்புறப்படுத்தினர். ரூபாயின் மதிப்பு வீழ்ந்த அந்த 2022ஆம் ஆண்டிலே இழந்த ஈயத்துக்கெல்லாம் மறுபடியும் பணம் கொடுக்க எமது மாணவனால் இயலவில்லை. “நானே வார்த்துக்கொள்ளலாமா, சேர்?” என்று கேட்டான். ஈயம் 327 பாகை செல்சியசிலே உருகும். வீட்டு அடுப்பே போதும் என்று பாடம் நடத்தும் குரலிலே விடை கூறினோம். அத்துடன் நின்றுவிட்டோம். சொல்லாமல் விட்டதே பெரிதாயிற்று.

வாகனச் சில்லுகளிலே பொருத்தும் பழைய ஈயத் துண்டுகளைச் சேகரித்து, தாயாரின் தாச்சியிலே இட்டு, அடுக்களையிலேயே உருக்கினான். களிமண்ணால் அச்சுச் செய்திருந்தான். அச்சு நன்றாகக் காயவில்லை. உருகிய ஈயத்தை ஊற்றியதும், உள்ளிருந்த ஈரம் ஒரே கணத்தில் ஆவியாயிற்று. நீர் ஆவியாகும்போது அதன் பருமன் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் பெருகும் என்பது அவன் எம்மிடமே படித்த பாடம். ஈயம் வெடித்துச் சிதறிற்று. முன்கையிலே நான்கு இடங்களில் தோலைத் தின்றது. புருவத்துக்கு மேலே ஒரு துளி. கண்ணுக்கும் அதற்கும் இடையே ஒரு விரல் அகலமே இருந்தது. பக்கத்திலே நின்ற தங்கைக்கு ஒன்றும் நேரவில்லை.

வைத்தியசாலையில் அவனைப் பார்த்தபோது தாயார் எம்மைக் குறை கூறவில்லை. “அந்தத் தாச்சியைக் கழுவிவிட்டேன், ஐயா, மறுபடியும் சமைக்கலாம்தானே?” என்று மட்டும் கேட்டார். அவ்வினாவைக் கேட்டதும் எமக்கு உடல் நடுங்கிற்று.

சமைக்கக் கூடாது. ஈயம் ஒரு நஞ்சு. அதன் தூசும் புகையும் மூச்சு வழியாகவும் உணவு வழியாகவும் உடலிலே சேரும். சேர்ந்தது எளிதில் நீங்காது. வளரும் குழந்தைகளின் மூளையை அது தாக்கும். இவ்வளவு வரை தீங்கில்லை என்று கூறத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் கூற்று. தேம்ஸ் நதியிலும் பிற நீர்நிலைகளிலும் தூண்டிற்காரர் விட்ட சிறு ஈயக் குண்டுகளைத் தின்று அன்னங்கள் மடிந்தமையால், இங்கிலாந்திலும் வேல்சிலும் 28.35 கிராம் வரையான தூண்டில் ஈயங்களுட் பெரும்பாலானவை 1987ஆம் ஆண்டு தொடக்கம் தடை செய்யப்பட்டன.

எமது வீடுகளிலே நிகழும் வேறொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். பிளவுள்ள சிறு ஈயக் குண்டை நூலிலே வைத்துப் பல்லால் கடித்து இறுக்குவது எல்லாச் சிறுவருக்கும் பழக்கம். நாமும் அப்படியே செய்து வளர்ந்தோம். சிறு குறடு ஒன்று போதும்; இன்று எமது பையிலே அது இருக்கிறது. ஈயம் தொட்ட கையைச் சவர்க்காரம் இட்டுக் கழுவாமல் உணவைத் தொடலாகாது. ஈயத்தை வீட்டிலே உருக்கவே வேண்டா. வாகனத் திருத்தகங்களிலே எறியும் பழைய ஸ்பார்க் பிளக்குகளும் இரும்புச் சுரைகளும் பாலத்தடிக்கு நல்ல குண்டுகள். 10 கிராம் ஈயத்துக்குப் பதில் பத்தரைக் கிராம் இரும்பு போதும். பருமன் ஒன்றரை மடங்கு, அவ்வளவே. சிக்கி அறுந்தாலும் மனம் நோவதில்லை.

முள் கையிலே ஏறிவிட்டால், முனைக்குப் பின்னேயுள்ள எதிர்முள் அதனைத் திரும்ப விடாது. இழுத்துச் சதையைக் கிழிக்காது வைத்தியரிடம் செல்வதே தக்கது. ஏற்புவலித் தடுப்பூசியைப் பற்றியும் அவரிடம் கேட்டறிய வேண்டும். பழகுவோர் அந்த எதிர்முள்ளைக் குறட்டினால் நசுக்கிவிடலாம். நூல் தளராதவரை மீன் பெரும்பாலும் தப்பாது. சிறிய மீனைத் திரும்ப விடுவதும் எளிதாகும்.

கிழிந்த பொய்யிரைகளை நீரிலே எறியலாகாது. அவை உக்குவதில்லை, மீன் விழுங்கினால் வயிற்றிலே தங்கும். அவற்றை வைக்கும் பெட்டியையும் கவனிக்க வேண்டும். மென்பிளாஸ்டிக்கிலுள்ள எண்ணெய் சில வகை வன்பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். பளிங்குபோன்ற அழகிய பெட்டி ஒன்றிலே இட்டு வைத்த எமது முதற் பொதி, ஒரு மாதத்திலே பெட்டியோடு ஒட்டி ஒரே கட்டியாயிற்று. வாங்கிய பொதியிலேயே வைத்திருப்பது உத்தமம்.

மாணவனின் கை ஆறிற்று. தாச்சிக்குப் பதிலாக ஒரு புதுத் தாச்சி வாங்கிக் கொடுத்தோம். இம்முறை தாயாரையே கடைக்கு அழைத்துச் சென்று தெரிந்தெடுக்கச் செய்தோம். அடுத்த ஆண்டு, கச்சான் வீசத் தொடங்கிய ஒரு மாலையில், பாலத்தடியிலே அவனை மறுபடியும் கண்டோம். 100 மில்லிமீற்றர் வெள்ளை இரை; தடித்த 3/0 முள்; தன் கையாலே கம்பி சுற்றிய இரும்புச் சுரை. வற்றம் தொடங்கிச் சிறிது நேரம் ஆகியிருந்தது. பதினெட்டு எண்ணினான், நூல் துவண்டது. இரண்டு முறை கோலை உயர்த்தித் தாழ்த்தினான். மூன்றாம் முறை கோல் உயரவில்லை.

கரைக்கு வந்தது ஒரு கொடுவா. முதியவர் வாயைத் திறந்து முள்ளைப் பார்த்தார். வளைவு வளைந்தபடியே இருந்தது. மீனை நிறுத்துப் பார்க்க அங்கே தராசு இல்லை. பையன் அதைச் சாக்கிலே சுற்றித் துவிச்சக்கர வண்டியின் பின்னே கட்டினான். வால் சாக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“தலையை வீட்டுக்கு வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிடப் போகிறேன், சேர்” என்று கூறிவிட்டு, விலை விழுமுன் சந்தையை அடைய வேண்டுமென்று அவன் விரைந்தான்.